பத்தொன்பது கண்ணிச் சங்கிலி

நேலா ஷிம்கோவியாக்கின் உள்ளங்கை வேர்க்கும். கோடையில் வேர்ப்பது பெரிய விஷயமில்லை. வார்த்தா ஆறு உறைந்து கிடக்கும் ஜனவரியிலும் அவளுக்கு வேர்க்கும். பள்ளியில் பரீட்சைத் தாள் நனைந்து மை பரவியது. அவளுடன் கை குலுக்கியவர்கள், அவள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கையைக் கால்சட்டையில் துடைப்பார்கள். அவள் ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுவாள். எந்த டாக்டரும் இதை நோய் என்று சொல்லவில்லை. ஆனால் ஆர்என்ஏ செய்யும் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இதைவிட மோசமான கை வாய்க்க முடியாது.

வேர்வையோடு ஒரு நொதி வருகிறது. ஆர்என்ஏவைக் கண்டால் அதற்கு வெட்டாமல் இருக்க முடியாது. கொதிக்க வைத்தாலும் சாகாது, ஆறியதும் எழுந்து உட்கார்ந்து மறுபடி வெட்டும். அதனால் போலந்தின் போஸ்னான் நகரத்து அந்த ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்கள் எல்லாம் நூற்றெண்பது டிகிரி அடுப்பில் மணிக்கணக்காக வறுபட்டன. கதவில் யாரோ சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: 'முதல் எதிரி உன் விரல்.' பொதுவாக எழுதியதுதான். நேலாவுக்கு மட்டும் அது தன் பெயருக்கு வந்த கடிதம் போலவே இருந்தது.

எண்பத்தைந்தாம் வருடம், மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில் பேராசிரியர் வாவ்ஜின்யாக் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடித் தம்ளரில் காபித்தூளின் மேலேயே வெந்நீரை ஊற்றி, தூள் அடியில் இறங்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர். மனிதர்களிடம் அவ்வளவு பொறுமை கிடையாது.

"உக்காரு நேலா. ரெண்டு தடவை செஞ்சாச்சு. ரெண்டு தடவையும் தூள் தூளா வந்திருக்கு."

"தெரியும், புரொபசர்."

"உன் மூளையில ஒரு கோளாறும் இல்ல. அதை நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன். கையிலதான் கோளாறு."

"நான் கையுறை போட்டுக்கிட்டுத்தான் செஞ்சேன்."

"அதான் சொல்றேன். எங்கேயோ போய் புதுசா நல்ல கையுறை வேற வாங்கிட்ட, அப்பவும் அறுந்துபோச்சு. இனி நான் என்ன நினைக்கிறது? சாமான் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருக்கு. அதை ஜெனோன் செய்யட்டும். அவன் கை சுள்ளி மாதிரி காஞ்ச கை. நீ அவன் மேசைக்குப் போ, டிஎன்ஏ பண்ணு. அதை நீ மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

அவர் வேண்டுமென்று புண்படுத்தவில்லை. அவருக்குப் புண்படுத்தாமல் பேசத் தெரியாது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் ஜெனோனிடம் ஒப்படைக்கச் சொன்னார். நேலா வெளியே வந்து தாழ்வாரத்தின் ஜன்னல் ஓரமாக நின்றாள். கண்ணாடியில் கை வைத்த இடத்தில் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்தன. அழுகை வந்தது. அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தாள்.

அவள் செய்துகொண்டிருந்தது பத்தொன்பது கண்ணி உள்ள ஒரு சங்கிலி. மஞ்சள் லூபின் செடியின் விதைக்குள் இருக்கும் ஓர் ஆர்என்ஏவின் சிறு துண்டுக்கு அது நகல். ஒவ்வொரு கண்ணியிலும் மூன்று சாமான்தான்: ஒரு பாஸ்பேட், ஐந்து மூலை உள்ள ஒரு சர்க்கரை, அந்தச் சர்க்கரையின் தோளில் ஒரு காரம். சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்துக்கொண்டு முதுகெலும்பாக நிற்கும். காரங்கள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். காரத்தில் நான்கே வகை. அடினின், குவானின், சைட்டோசின், யூராசில் என்று முழுப்பெயர் சொல்ல ஆய்வகத்தில் யாருக்கும் நேரமில்லை, ஏ, ஜி, சி, யூ என்பார்கள். தன் சங்கிலியை அவள் டிராமில் போகும்போதுகூட முணுமுணுப்பாள். ஜி ஜி சி ஜி யூ, அப்புறம் ஐந்து ஏ, ஜி யூ சி ஜி ஏ, சி ஜி சி சி. முன்கோடி நான்கும் பின்கோடி நான்கும் ஜோடி சேர்ந்து, ஜி சியைப் பிடித்து, சங்கிலி கொண்டை ஊசி போல மடியும். எப்படி மடிகிறது என்று அளந்து பார்க்கும் இயந்திரம் வார்சாவில் இருந்தது. அதில் இவர்களுக்கு ஏப்ரல் கடைசியில் இரண்டு நாள் கிடைத்திருந்தது. அடுத்து எப்போது கிடைக்கும் என்று கேட்டால் சிரித்தார்கள்.

டிஎன்ஏவும் கிட்டத்தட்ட இதே சங்கிலிதான். யூ இருக்கும் இடத்தில் அதற்குத் தைமின் இருக்கும். அது பெரிய வித்தியாசமில்லை. பெரிய வித்தியாசம் சர்க்கரையின் இரண்டாவது மூலையில் இருக்கிறது. ஆர்என்ஏவுக்கு அங்கே ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். ஆய்வகத்தில் அதைக் கொக்கி என்றார்கள். டிஎன்ஏவுக்கு அந்தக் கொக்கி கிடையாது, அதனால் அது பாட்டுக்குக் கிடக்கும். ஆர்என்ஏவின் கொக்கி சும்மா இருக்காது. அம்மோனியா போன்ற காரநீர் கொஞ்சம் பட்டால் போதும், பக்கத்தில் இருக்கும் பாஸ்பேட்டைத் தானே கடித்துச் சங்கிலியை அறுத்துவிடும். ஆகவே சங்கிலி கோக்கும்போது ஒவ்வொரு கொக்கிக்கும் சிலிக்கான் உள்ள ஒரு தொப்பி மாட்டுவார்கள். எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியாகத்தான் தொப்பியைக் கழற்றுவார்கள். தொப்பி போட்ட கண்ணிகளைத் தயாரிக்கவே நேலாவுக்கு நான்கு மாதம் பிடித்தது. கோப்பது ஒரு வாரத்து வேலை.

ஜன்னலோரம் நின்றபோது ஒரு கேள்விதான் அவளைக் குடைந்தது. நவம்பரில் ஆறு கண்ணிச் சங்கிலி ஒன்றைப் பழகிப் பார்க்கச் செய்தாள். அப்போது அவள் போட்டிருந்தது கழுவிக் கழுவிக் கொடியில் காயப்போட்ட பழைய கையுறை, இரண்டு விரலில் ஓட்டை வேறு. அந்தச் சங்கிலி முழுசாக வந்தது. ஜனவரியில் சாமான் கழுவும் பெலாகியா எங்கிருந்தோ ஒரு டப்பா புத்தம்புதுக் கையுறை கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் போட்டுச் செய்த இரண்டும் அறுந்தன. ஓட்டைக் கையுறையில் ஒழுங்காக இருந்த கை நல்ல கையுறைக்குள் எப்படிக் கெட்டுப்போகும்?

ஜெனோன் மேசையில் காலைத் தூக்கிப் போட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தான். நல்லவன். வாய்தான் நீளம்.

"வா வா, என் புது கூட்டாளி. டிஎன்ஏவுக்கு நல்வரவு. இங்க எச்சி துப்பக்கூட அனுமதி உண்டு."

"ஜெனோன், எனக்கு ஒரு எக்ஸ்ரே பிலிம் வேணும்."

"எதுக்கு?"

"அறுந்துபோனதைப் படம் எடுக்கணும்."

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். "செத்துப்போனதுக்குப் பிரேதப் பரிசோதனையா? பைத்தியமா உனக்கு? நல்லா வந்ததுக்கே பிலிம் கிடைக்கல. என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெஞ்சிக் கூத்தாடி மூணு தாள் கொண்டுவந்தா. அதுல ஒண்ணைக் குப்பைக்குக் குடுக்கச் சொல்றியா?"

"எங்க அறுந்திருக்குன்னு பாக்கணும்."

"உன் விரல் பட்ட இடத்துல அறுந்திருக்கும்."

"அதைத்தான் பாக்கணும்ங்கறேன்!" நேலா கத்திவிட்டாள். அவள் கத்தி ஜெனோன் பார்த்ததில்லை. கத்தியபின் குரலைத் தாழ்த்தி, "மகளிர் தினத்துக்குக் குடுத்தாங்களே, காலுறை, பிரிக்கவே இல்ல. உன் பொண்டாட்டிக்கு எடுத்துக்கோ" என்றாள்.

அது எட்டாம் தேதி நடந்த கூத்து. நிறுவனத்திலிருந்து ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சிவப்புக் கார்னேஷன் பூவும் ஒரு ஜோடி நைலான் காலுறையும் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் வாங்கினார்கள். ஒரு வருடமாகக் கையுறை கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குக் காலுறை கொடுத்த நிர்வாகத்தை என்ன சொல்ல! ஜெனோன் யோசித்தான். காலுறை அப்போது சாதாரணப் பொருளில்லை.

"சரி. ஆனா ஒண்ணுதான். அதுவும் வீணாப்போச்சுன்னா என் முன்னாடி நின்னு அழக்கூடாது."

செவ்வாய்க்கிழமை முழுவதும் அவள் வேலை செய்தாள். அறுந்த சரக்கில் ஒரு பங்கை அப்படியே வைத்துக்கொண்டாள். மீதியில் எங்கோ ஒரு துளி அறுபடாமல் முழுசாகப் பிழைத்திருந்தது, அதைத் தனியே பிரித்தெடுத்தாள். இரண்டுக்கும் முன்முனையில் கதிர்வீசும் பாஸ்பரஸை ஒட்டினாள், பிலிமில் தெரிவதற்காக. புதன்கிழமை காலை, முழுசாகப் பிழைத்த துளி ஒரு குட்டிக் குழாயின் அடியில் இருக்க, நேலா வலதுகைக் கையுறையைக் கழற்றினாள்.

அடுப்பிலிருந்து தட்டை வெளியே இழுத்துக்கொண்டிருந்த பெலாகியா அதைப் பார்த்துவிட்டாள். ஐம்பத்தெட்டு வயது. ஆய்வகத்தில் எல்லாரும் அவளைப் 'பானி', அதாவது அம்மா, என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருடம். அந்த ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குழாய்கூட அவள் கைபடாமல் அடுப்புக்குப் போனதில்லை.

"ஏய், ஏய், என்ன பண்றே! கையுறையைப் போடு!"

"வேணும்னேதான் கழட்டினேன், பானி பெலாகியா."

"வேணும்னேவா? நான் இங்க பத்து வருஷமா வேகறது எதுக்கு? எல்லாரும் உன் கையைப் பத்தி வாய்க்கு வந்ததைப் பேசறாங்க, நீ என்னடான்னா வெறுங்கையோட நிக்கறே."

"அந்தக் கை என்ன செய்யுதுன்னு நானும் பாத்துடறேன்."

ஒரு சொட்டு நீரில் சுண்டுவிரலை அழுத்தினாள். அந்த நீரை எடுத்துப் பிழைத்த சங்கிலியின் மேல் விட்டாள். நான்கு மாத உழைப்பில் மிச்சம் நின்ற ஒரே துளியின் மேல் தன் வேர்வையைத் தானே ஊற்றினாள். பெலாகியா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு அறுந்த சரக்கு ஒரு பாதையிலும், விரல் பட்டது இன்னொரு பாதையிலுமாக, பக்கத்தில் பக்கத்தில், மின்சாரம் இழுக்க, ஜெல்லில் ஓடின. சிறிய துண்டு வேகமாக ஓடும், பெரிய துண்டு பின்தங்கும். மத்தியானம் பிலிமை வைத்தாள். நான்கு மணிக்கு இருட்டறையிலிருந்து ஈரப் பிலிமை வெளியே கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஜெனோன் தன் பிலிம் வீணாகவில்லையே என்று பார்க்கப் பின்னாலேயே வந்தான்.

விரல் பட்ட பாதையில் ஆறு கோடுகள் இருந்தன. உச்சியில் முழுச் சங்கிலியின் சுவடு லேசாக.

"ஆறு" என்றாள் நேலா. "சி, யூ, யூ, சி, சி, சி. வேர்வை நொதி சி-க்கும் யூ-வுக்கும் பின்னாலதான் வெட்டும். ஏ, ஜி பக்கம் அது தலை வெச்சுப் படுக்காது. கடைசி சி-க்குப் பின்னால வெட்ட ஒண்ணுமில்ல, அதனால என் சங்கிலியில வெட்டக்கூடிய இடம் ஆறுதான். ஆறும் இருக்கு."

"சரி, உன் விரல் நல்லா வெட்டுது. வாழ்த்துக்கள்."

"இப்ப இதைப் பாரு."

அறுந்த சரக்கின் பாதையில் கீழிருந்து மேல்வரை கோடுகள். ஏணிப்படி போல ஒரு படிகூட விடாமல் இருந்தன. ஜெனோன் ஆள்காட்டி விரலால் எண்ணினான். நடுவில் ஐந்து ஏ சேர்ந்தாற்போல் வரும் இடத்தில், விரல் பட்ட பாதை வெறிச்சென்று இருந்தது. இந்தப் பாதையில் அங்கேயும் கோடு, கோடு, கோடு.

ஜெனோன் கேலி பேசாமல் இன்னொரு தடவை எண்ணினான். அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. எண்ணி முடித்து, "இது நொதி வேலையே இல்ல" என்றான். "இது கொக்கியோட வேலை. காரநீர்ல தானே அறுந்திருக்கு."

"அப்போ என் கை?"

"உன் கை நிரபராதி, தாயே."

நேலா சிரித்தாள். சிரிக்கும்போதே முகம் மாறியது. காரநீரில் கொக்கி கடிக்க வேண்டுமானால் தொப்பி கழன்றிருக்க வேண்டும். கோத்து முடித்ததும் சங்கிலியை அம்மோனியா நீரில் வெதுவெதுப்பாக ஊறவைப்பாள், காரங்களின் மேலிருக்கும் மற்ற மூடிகள் கழல்வதற்காக. வெறும் அம்மோனியா நீர் தொப்பிகளையும் பிடுங்கிவிடும். அதனால் அதில் நாலில் ஒரு பங்கு சுத்தமான ஸ்பிரிட், அதாவது எரிசாராயம், சேர்ப்பாள். ஸ்பிரிட் இருந்தால் தொப்பி நிற்கும். டிஎன்ஏ செய்கிறவர்களுக்குத் தொப்பியும் இல்லை, ஸ்பிரிட்டும் வேண்டாம். ஆய்வகத்தில் அந்தப் பெரிய ஸ்பிரிட் சீசாவைத் தொடுகிறவள் அவள் ஒருத்திதான்.

பூட்டிய அலமாரியிலிருந்து வாங்கி வைத்திருந்த மிச்சத்தில் ஒரு கரண்டி எடுத்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றித் தீக்குச்சி வைத்தாள். முதல் குச்சிக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவதுக்கு நீலமாக ஒரு சுடர் வந்து தயங்கித் தயங்கி அணைந்தது. நல்ல ஸ்பிரிட்டாக இருந்தால் தட்டு காய்ந்திருக்கும். தட்டில் பாதி தண்ணீர் நின்றது.

அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று பேராசிரியரிடம். இன்னொன்று பெலாகியாவின் கவுன் பையில்.

வியாழக்கிழமை காலையில் நேலா அந்தத் தட்டை அப்படியே கொண்டுபோய் அடுப்புப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பெலாகியா தட்டைப் பார்த்தாள், தீய்ந்த குச்சிகளைப் பார்த்தாள், ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதனாலயா அறுந்துச்சு?"

"அதனாலதான்."

"நான் குடிக்கல, கண்ணு. சத்தியமா குடிக்கல."

"எனக்குத் தெரியும்."

"கையுறைக்குக் குடுத்தேன். மருத்துவக் கிடங்குல ஒரு ஆள் இருக்கான், அவன் சும்மா ஒண்ணும் தரமாட்டான். ஒரு லிட்டருக்கு நூறு ஜோடி. எல்லாரும் உன் கை, உன் கைன்னு உன் முதுகுக்குப் பின்னாடி பேசறதைக் கேட்டுக்கிட்டே இருந்தா எனக்குப் பொறுக்கல. நல்ல கையுறை இருந்தா வாயை மூடுவாங்கன்னு நினைச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "அளவு குறைஞ்சா பதிவேட்டுல தெரியுமேன்னு தண்ணி ஊத்தினேன். குழாய்த் தண்ணியில்ல! ரெண்டு தடவை வடிச்சு, அடுப்புல வறுத்த குடுவையில பிடிச்ச தண்ணி. ஒரு நொதிகூட இருக்காது. உனக்காகப் பாத்துப் பாத்து ஊத்தினேன்."

நேலாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் சங்கிலியைக் கொன்ற தண்ணீர் போலந்திலேயே சுத்தமான தண்ணீர்.

ஸ்பிரிட் விஷயத்தில் நிர்வாகம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும். போன வருடம் மேல்மாடியில் அரை லிட்டருக்கு ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். காரணத்தைச் சொன்னால் பெலாகியாவின் பென்ஷன் போகும். சொல்லாவிட்டால் தன் சங்கிலி போகும். நேலா அன்று காலை முழுவதும் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் கான்டீனில் வேகவைத்த உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் வாங்கினாள். தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டு மணிக்குப் பிலிமை எடுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனாள். அவர் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மறுபடி பார்த்தார். கோடுகளை எண்ணினார். விரல் பட்ட பாதை எதுவென்று கேட்டார். அவள் சொன்னாள்.

"உன் சொந்த விரலா?"

"ஆமா."

"ம்." பிலிமை மேசையில் வைத்தார். "இது காரநீர் அறுத்தது. கை இல்ல. சரி. தொப்பி ஏன் கழண்டுச்சு?"

நேலா தரையைப் பார்த்தாள். "தெரியல, புரொபசர்."

"தெரியலையா? இவ்வளவு கண்டுபிடிச்சவளுக்கு அது தெரியலையா?"

"தெரியல."

"அப்போ மூணாவது தடவையும் கழண்டுடும். காரணம் தெரியாம கடைசிச் சாமானை உன்கிட்ட எப்படிக் குடுக்கிறது? நீயே சொல்லு. நான் குடுத்தா நான் முட்டாள்."

அவர் சொன்னது நியாயம். அதுதான் அவளுக்கு வலித்தது. வாயைத் திறந்தால் ஒரே வார்த்தையில் எல்லாம் கிடைத்துவிடும். உள்ளங்கையிலிருந்து வேர்வை மணிக்கட்டுக்கு வழிந்தது. அவள் திறக்கவில்லை.

கதவைத் தட்டாமலே பெலாகியா உள்ளே வந்தாள். நனைந்த கவுனோடு, கையில் அந்தப் பெரிய சீசாவோடு. மேசையில் காகிதங்களின் மேலேயே அதை வைத்தாள்.

"இதுல பாதி தண்ணி, புரொபசர். ஊத்தினது நான். அவளுக்குத் தெரியும், சொல்லமாட்டேங்கறா. கழுதை. வெளிய நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." பிறகு கிடங்கு, லிட்டர், நூறு ஜோடி, இரண்டு தடவை வடித்த தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுச் சாவியையும் சீசாவின் பக்கத்தில் வைத்தாள்.

வாவ்ஜின்யாக் சாவியைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. கத்தப்போகிறார் என்று நேலா தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவர் கத்தவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து மேசையில் போட்டார்.

"கையுறை வேணும்னு நான் எழுதின கடிதம். மூணு. அமைச்சகத்துக்கு ஒண்ணு. பதில், அடுத்த வருஷம் பரிசீலிப்போம்னு. மூணு கடிதத்துல நான் ஒரு விரலுக்குக்கூட கையுறை வாங்கல. இந்தம்மா ஒரு லிட்டர்ல நூறு ஜோடி வாங்கியிருக்கு." பெலாகியாவைப் பார்த்தார். "எங்கிட்ட வந்து கேட்டிருந்தா என்ன?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"குடுத்திருக்க மாட்டேன்."

"அதான் கேக்கல."

அவர் ஸ்பிரிட் பதிவேட்டைத் திறந்து, பேனாவை உதறி, தன் கையாலேயே எழுதினார்: 'ஒரு லிட்டர், ஆர்என்ஏ பணிக்கான கையுறைகளுக்காகச் செலவானது.' கீழே கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வார் என்று நேலா யோசித்தாள். அவரும் யோசித்திருப்பார் போலிருக்கிறது, ஏனென்றால் கொஞ்சம் கோணலாகச் சிரித்தார்.

"கேட்டா கேக்கட்டும். என் கையெழுத்து. சாவியை எடுத்துக்கோங்க, பானி பெலாகியா. இனிமே எதை எதோட கலக்கறதா இருந்தாலும் முதல்ல கெமிஸ்ட்ரி தெரிஞ்சவங்களைக் கேளுங்க." பிறகு நேலாவின் பக்கம் திரும்பினார். தன் தம்ளரை இரண்டு தடவை நகர்த்தி வைத்தார். "நான் பிலிம் எடுத்துப் பாத்திருக்கணும். பாக்கல. கையைப் பாத்தேன், முடிவு பண்ணிட்டேன். எனக்கு வெக்கமா இருக்கு."

"பரவாயில்ல, புரொபசர்" என்றாள்.

"பரவாயில்லன்னு சொல்லாத. பரவாயிருக்கு. நாளைக்கு டீ நேரத்துல எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

சொன்னார். வெள்ளிக்கிழமை பதினொரு மணி டீக்கு, ஜெனோன் உட்பட எட்டுப் பேர் முன்னால், தம்ளரைக் கையில் பிடித்தபடி, தப்பு என்னுடையது என்று சொன்னார். அவருக்கு அது பல்லைப் பிடுங்குவது போல இருந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அப்படியிருந்தும் முழு வாக்கியமாகச் சொன்னார்.

ஏப்ரலில் ஒரு வாரம் நேலா கோத்தாள். ஒரு கண்ணி, கழுவு, அடுத்த கண்ணி, கழுவு. ஸ்பிரிட்டை ஊற்றும் முன் பெலாகியா தட்டும் தீக்குச்சியுமாக வந்து நிற்பாள். அவள் முன்னால் கொளுத்தி, தட்டு காய்ந்தபிறகுதான் ஊற்ற விடுவாள். அம்மோனியா முடிந்தது. தொப்பிகளைக் கழற்றும் உப்புக்கரைசல் முடிந்தது. ஜெனோன் தன் கடைசி பிலிமைக் கேட்காமலே கொண்டுவந்து கொடுத்தான்.

பிலிமை வெளிச்சத்தில் பிடித்தபோது முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு நேலா கண்ணை உயர்த்தினாள். மேலே, ஏணியின் கடைசிப் படி இருக்க வேண்டிய இடத்தில், கன்னங்கரேலென்று ஒரே ஒரு கோடு. அதற்குக் கீழே வெறும் பிலிம். பத்தொன்பது கண்ணியும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. பெலாகியா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "ஒரு கோடுதானா? இதுக்கா இவ்வளவு பாடு?" என்றாள். அப்புறம் நேலாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

சங்கிலியை உலர்த்தி, வெண்மையான ஒரு சிட்டிகைப் பொடியாக விரல் நீளக் குழாயில் அடைத்து மூடினார்கள். இருபத்தாறாம் தேதி காலை ஏழு மணிக்கு வார்சா ரயில். பேராசிரியர் ஸ்டேஷனில் இரண்டு டிக்கெட்டுகளோடு காத்துக்கொண்டிருந்தார். நேலா பனிக்கட்டி நிரப்பிய டப்பாவை அவரிடம் நீட்டினாள்.

"என்கிட்ட எதுக்கு? நீயே வெச்சுக்கோ. இயந்திரத்துல நீதான் போடப்போற."

"போய்ச் சேர மணிக்கணக்காகும், புரொபசர். என் கை வேர்க்கும்."

"வேர்க்கட்டும்" என்றார் வாவ்ஜின்யாக், ரயில் பெட்டியின் கதவைத் திறந்து பிடித்தபடி.